கழிப்பனவும் காப்பனவும்

விழாக் காலத்திலே பழமையைப் போற்றிப் பேசுதல் வழக்கம். நம் கல்லூரியன்னையின் விழா மலரிலே, பழைய பொருளொன்றைக் கழிப்பது எவ்வாறு என எழுதப் புகுவது பொருத்தமன்று எனச் சில அன்பர் கருதுதலுங் கூடும். ஆயினும், இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர் பலர் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கணினியின் முன்னிருந்தே சீவனம் நடத்துகின்றனர். இப்பொழுது மேல் வகுப்புகளிற் பயிலும் மாணவரிற் பலரும் நாளை அத்தொழிலுக்கே செல்லவிருக்கின்றனர். அவர்கள் தம் தொழில் வாழ்விலே ஒருமுறையேனும் எதிர்கொள்ள வேண்டிய விடயம் ஒன்றைப் பற்றி என் கருத்தைச் சொல்ல விழைகின்றேன். வணிகக் கணக்குகளை ஆராய்ந்து காட்டும் மென்பொருள்களிலே, நெடுநாள் வழங்கிய டாஷ்போட் ஒன்றை நிறுத்திப் புதியதொன்றைக் கொணரும்போது, எதைக் கழிக்கலாம், எதைக் காத்தல் வேண்டும் என்பதே அவ்விடயம்.

டாஷ்போட் என்னுஞ் சொல்லின் வரலாறே ஒரு பாடம். குதிரை வண்டிக் காலத்திலே, ஓடுங் குதிரையின் குளம்பிலிருந்து தெறிக்குஞ் சேறு வண்டியிலிருப்போர் மேற் படாதவாறு முன்னே நிறுத்திய பலகைக்கு அப்பெயர் வழங்கிற்று. மோட்டார் வண்டி வந்ததும் குதிரை போயிற்று. ஆயினும் பலகையின் பெயர் நின்றது. வேகங் காட்டும் முள்ளும் எண்ணெயளவு காட்டும் முள்ளும் அதன்மேல் ஏறின. பிற்காலத்திலே, ஒரு வணிக நிலையத்தின் விற்பனை, கையிருப்பு, நிலுவை முதலியவற்றை ஒரே பார்வையிற் காட்டுங் கணினித் திரைக்கும் அப்பெயரே ஆயிற்று. பெயர் நிற்கப் பொருள் மாறிப் போதல் இவ்வுலகில் எத்துணை எளிது என்பதற்கு அச்சொல்லே சான்று. வாசகர் இதனை நினைவில் வைத்துக்கொள்வாராக. யான் சொல்லப் போவதன் உட்கரு அதுவே.

முதலில், மறைந்துபோன ஒரு கருவியை நோக்குவோம். எக்ஸெல்சியஸ் என்றொரு மென்பொருள் இருந்தது. அதனை ஆக்கிய சிறு நிறுவனத்தை 2005இல் பிஸினஸ் ஒப்ஜெக்ட்ஸ் என்னும் நிறுவனம் வாங்கிற்று. அந்நிறுவனத்தையும் தான் வாங்கவிருப்பதாக ஜேர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் 2007இல் அறிவித்தது. அம்மென்பொருளின் அமைப்பு எளிது. கணக்கர் யாவரும் அறிந்த எக்செல் தாள் ஒன்று அடியிலே கிடக்கும். அத்தாளின் ஒவ்வொரு கட்டத்தையும் மேலேயுள்ள ஒரு வட்டமுள்ளோடோ வரைபடத்தோடோ பிணைத்துவிடலாம். திரையில் ஒரு குமிழை நகர்த்தி, விலையை நூற்றுக்கு ஐந்து கூட்டினால் இலாபம் யாதாகும் என்று கேட்கலாம். முள் உடனே அசைந்து விடை சொல்லும். முடிந்த வேலையை பிளாஷ் என்னும் வடிவிலே ஒரே கோப்பாக வெளியிட்டு, கூட்டத்திற் காட்டும் பவர்பொயின்ற் பக்கத்திலும் பதித்துவிடலாம். கணினி மொழி கல்லாத கணக்காளரும் தாமாகவே ஒரு டாஷ்போட் அமைக்க இயன்றது. அதனை மேலதிகாரிகள் விரும்பினர் என்பதில் வியப்பில்லை.

ஆனால் அதன் உயிர் பிளாஷின் உயிரோடு பிணைந்திருந்தது. 2007இல் வெளியான அப்பிள் நிறுவனத்தின் கைப்பேசி பிளாஷை ஏற்கவில்லை. 2010 ஏப்பிரலில் ஸ்டீவ் ஜொப்ஸ் அவர்கள் பகிரங்கக் கடிதமொன்றின் வாயிலாக அதற்குரிய காரணங்களை எடுத்துரைத்தார். மின்கலத்தை விரைவில் வற்றச் செய்வது, பாதுகாப்பிற் குறையுடையது, தொடுதிரைக்கு ஏலாதது என்பன அவற்றுட் சில. 2017 யூலையில், பிளாஷின் உரிமையாளராகிய அடோபி நிறுவனத்தாரே 2020ஆம் ஆண்டின் முடிவோடு அதனைக் கைவிடுவதாக அறிவித்தனர். அறிவித்தவாறே 2020 டிசம்பர் 31ஆந் திகதி ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12ஆந் திகதி தொடக்கம் பிளாஷ் தன்னுள் எதனையும் இயக்க மறுத்தது. அதன்மேல் நின்ற வட்டமுட்கள் யாவும் அன்றோடு ஓய்ந்தன.

இதனை அநீதி என்று யான் சொல்லேன். நன்னூலார் தம் நூலை நிறைவு செய்யுமிடத்து, காலத்தின் போக்கிலே சில வழக்குகள் மறைவதும் வேறு சில தோன்றுவதும் பிழையல்ல என்று விதித்துச் சென்றார். அந்நூலுக்கு உரை கண்ட நாவலர் பெருமானும், புதிதாக வந்த அச்சுப் பொறியைத் தயங்காது கைக்கொண்டு ஏட்டிலிருந்த நூல்களைக் காத்தவரே. ஓட்டை விழுந்த ஓடத்தைப் பழக்கத்தின் பொருட்டு ஓட்டிக்கொண்டிருத்தல் அறிவுடைமையன்று. மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவகாசங் கொடுத்தும் ஆயத்தஞ் செய்யாதோர் பட்ட பாட்டையும் உலகங் கண்டது. தென்னாபிரிக்காவின் வருமான வரித் திணைக்களம், பிளாஷில் அமைந்த தன் படிவங்களைத் தொடர்ந்து வழங்குதற்காக, 2021 ஜனவரியிலே தனக்கென ஓர் இணைய உலாவியையே வெளியிட வேண்டியதாயிற்று. ஆதலால், பழைய கருவிக்கு ஓய்வு கொடுத்தல் கூடாது என்பது என் வாதமன்று. ஓய்வு கொடுக்கும் முறையிலேதான் தவறு நிகழ்கின்றது.

இதனை யான் நூலிற் படித்து அறியவில்லை. என் கையாலே ஒரு தவறு செய்து அறிந்தேன். உணவுப் பண்டங்களை நாடெங்கும் விநியோகிக்கும் ஒரு நிறுவனத்திற் சில ஆண்டுகள் கணக்குப் பகுதியிற் கடமையாற்றினேன். அங்கே பிளாஷின்மேல் இயங்கிய விற்பனை டாஷ்போட் ஒன்று இருந்தது. அதனை அமைத்தவர் எனக்கு முன்னரே வேலையை விட்டு நீங்கிவிட்டார். பிளாஷ் மறையப் போகின்றது என்ற அறிவித்தல் வந்தபின், 2018ஆம் ஆண்டின் தொடக்கத்திலே புதிய டாஷ்போட் ஒன்றைக் கொணர்ந்தோம். ஜனவரி, பெப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று மாதங்கள் இரண்டையும் அருகருகே இயக்கிப் பார்த்தோம். எண்கள் ஏறக்குறைய ஒத்திருந்தன. பழையதை நிறுத்தலாம் என்று எழுதிய கடிதத்தில் யானே கையொப்பமிட்டேன்.

சித்திரைப் புத்தாண்டு வந்தது. கடைக்காரர் யாவரும் வழக்கம்போலப் பண்டங்களைக் குவித்தனர். விற்காதவற்றை மே மாதத்திலே திருப்பி அனுப்பினர். இங்கேதான் இரண்டு டாஷ்போட்டுகளும் வேறுபட்டன. பழையது, திரும்பி வந்த பண்டத்தின் பெறுமதியை அது விற்கப்பட்ட மாதத்திலேயே கழித்தது. புதியதோ, அது திரும்பி வந்த மாதத்திற் கழித்தது. இரண்டிலும் அவ்வெண்ணுக்குப் பெயர் ஒன்றுதான்: மாதத் தேறிய விற்பனை. பழைய விதி எக்செல் தாளின் ஓரத்திலே, மறைத்து வைக்கப்பட்ட ஒரு நிரலில் இருந்தது. அதனை ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை. முதல் மூன்று மாதங்களிலே திரும்பி வரும் பண்டம் சொற்பமாதலால், எங்கள் ஒப்பீட்டிலும் அவ்வேற்றுமை வெளிப்படவில்லை.

கிழக்கிலே ஒரு பகுதிக்குப் பொறுப்பாக இருந்த விற்பனைப் பிரதிநிதி ஓர் இளைஞர். அப்பகுதியிலே திரும்பிய பண்டம் அதிகம். ஏப்பிரலில் இலக்கைத் தாண்டியதற்காக அவருக்கு மேலதிகமாக எதுவுங் கிடைக்கவில்லை. தாண்டியோர்க்குரிய ஊக்கத்தொகைக்கு ஓர் எல்லை உண்டு. மே மாதத்திலோ புதிய டாஷ்போட் அவரைச் செந்நிறத்திலே காட்டிற்று. ஊக்கத்தொகை நிறுத்தப்பட்டது, விளக்கம் கோரிக் கடிதமுஞ் சென்றது. தாம் எப்போதும்போலவே வேலை செய்ததாக அவர் எழுதிய மறுமொழியை ஒருவரும் நம்பவில்லை. திரையிலே தெரிந்த எண்ணை நம்பினோம். ஆகஸ்ட் மாதத்திலே, தமக்கென ஒரு கொப்பியிற் கணக்கெழுதி வைக்கும் பழக்கமுடைய முதிய இலிகிதர் ஒருவர், முந்திய ஆண்டுகளின் மே மாதக் கணக்கை எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். அரை மணி நேரத்திலே உண்மை விளங்கிற்று. நிறுத்திய பணத்தைக் கொடுத்தோம். ஆனால் அவ்விளைஞர் அதற்குள் மனமுடைந்து வேறிடஞ் சென்றுவிட்டார். அக்கடிதத்திற் கிடந்த என் கையொப்பத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

பெயர் மாறாது பொருள் மாறுதல் எத்தகைய மயக்கத்தை விளைக்கும் என்பது நம் கல்லூரியார்க்குப் புதிதன்று. முதிய பழைய மாணவர் தம் சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழை எடுத்து நோக்கின், டீ, சீ, எஸ் என்னும் எழுத்துகளைக் காண்பர். அக்காலத்திலே டீ என்பது அதிவிசேட சித்தி; அதற்கடுத்தது சீ. இன்றைய மாணவரின் சான்றிதழிலே ஏ, பீ, சீ, எஸ் என்னும் வரிசை காணப்படும். இதில் சீ மூன்றாம் இடத்தது. தந்தையார் ‘எனக்குக் கணிதத்தில் சீ’ என்று பெருமையோடு சொல்ல, மைந்தன் மனத்துள்ளே நகைக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. இருவரிலும் பொய் சொல்பவர் எவருமிலர். எழுத்து ஒன்று, அளவுகோல் இரண்டு. அளவுகோல் மாறியது என்பதை அறிந்தவர் வீட்டில் இருந்தால் நகைப்போடு முடிந்துவிடும். நேர்முகத் தேர்வு நடத்தும் அதிகாரி அதனை அறியாராயின், ஒருவரின் உத்தியோகமே பறிபோகும்.

இனி, உலகளாவிய ஓர் எடுத்துக்காட்டுக்குச் செல்வோம். இணையத்தளங்களுக்கு வருவோரைக் கணக்கிடுங் கூகிள் அனலிற்றிக்ஸ் 2005 நவம்பரில் வெளியாயிற்று. 2012இல் அறிமுகமான அதன் யுனிவர்சல் என்னும் வடிவம், சிறு கடைக்காரர் முதற் பெருநிறுவனத்தார் வரை எண்ணிறந்தோர்க்கு நாள்தோறுங் காலையிற் பார்க்குங் கண்ணாடியாயிற்று. அதிலே பயன்படுத்துவோர் தாமே டாஷ்போட் அமைத்துக்கொள்ளலாம். ஒன்றிலே பன்னிரண்டு கூறுகள் வரை வைக்கலாம். 2020 ஒக்டோபரில் நான்காம் அனலிற்றிக்ஸ் என்னும் புதிய வடிவத்தைக் கூகிள் முன்வைத்தது. 2022 மார்ச்சில், பழையது 2023 யூலை முதலாந் திகதி தொடக்கம் புதிய கணக்கெதனையும் ஏற்காது என அறிவித்தது. பணங் கொடுத்துப் பயன்படுத்தும் பெருநிறுவனங்களுக்கு அவகாசம் 2024 யூலை வரை நீடிக்கப்பட்டது. 2024 யூலையிலே பழைய கணக்குகளைப் பார்க்கும் வழியும் அடைக்கப்பட்டது; தேக்கி வைத்திருந்த தரவுகளை அழித்தலும் தொடங்கிற்று.

இம்மாற்றத்துக்குத் தக்க காரணங்கள் இருந்தன. பழைய முறை, ஒருவர் தம் மேசைக் கணினியில் அமர்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்குங் காலத்துக்கென அமைந்தது. கைப்பேசிச் செயலியும் இணையத்தளமும் கலந்து வழங்கும் இக்காலத்துக்கு அது போதாது. மக்களின் அந்தரங்கத்தைப் பேணும் விடயத்திலும் கேள்விகள் எழுந்தன. ஒஸ்திரியாவிலும் பிரான்சிலும் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள், கூகிள் அனலிற்றிக்ஸைப் பயன்படுத்திய சில இணையத்தளங்கள் ஐரோப்பியச் சட்டத்துக்கு மாறாக நடந்தன என 2022இன் தொடக்கத்திலே தீர்த்தனர். புதிய வடிவம் பார்வையாளரின் ஐ.பி. முகவரியைப் பதிந்து வைப்பதில்லை என்கின்றனர் அதனை ஆக்கியோர். இவையெல்லாம் ஒப்பத்தக்கனவே.

ஆயினும் ஒரு சிறு எண்ணை எடுத்து நோக்குவோம். தளத்துக்கு வந்து உடனே திரும்பிச் செல்வோரின் வீதத்தைப் பவுன்ஸ் ரேட் என்பர். பழைய வடிவிலே, ஒரே பக்கத்தை மாத்திரம் பார்த்து, வேறெதுவுஞ் செய்யாது ஒருவர் சென்றால் அவர் திரும்பியவராகக் கணக்கிடப்பட்டார். ஒரு நீண்ட கட்டுரையை ஐந்து நிமிடம் ஊன்றி வாசித்து, மனநிறைவோடு சென்றவரும் அக்கணக்கில் அடங்கினார். புதிய வடிவிலே முதலில் அவ்வெண்ணே இல்லை; பின்னர் 2022இல் அது மீண்டும் வந்தது. ஆனால் பொருள் வேறு. பத்து விநாடிக்கு மேல் நின்றவரும், இரண்டு பக்கங்களைப் பார்த்தவரும், தளத்தார் முக்கியமெனக் குறித்த செயலொன்றைச் செய்தவரும் ஈடுபாடு கொண்டோர் எனப்படுவர், எஞ்சியோரே திரும்பியோர். கட்டுரையை ஐந்து நிமிடம் வாசித்த அந்த ஒரே மனிதர், பழைய பலகையிலே திரும்பியவர். புதிய பலகையிலே ஈடுபாடு கொண்டவர். பெயரோ இரண்டிலும் ஒன்றே. 2022ஆம் ஆண்டின் எண்ணையும் 2024ஆம் ஆண்டின் எண்ணையும் அருகருகே வைத்து, ‘நம் தளம் திருந்திவிட்டது’ என்று மகிழும் முகாமையாளர், திருந்தாத ஒன்றுக்குப் பாராட்டு வழங்குகின்றார். எங்கள் நிறுவனத்திலே குற்றமற்றவர் தண்டிக்கப்பட்டார். இங்கே தகுதியின்றிப் பரிசு கிடைக்கின்றது. இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்.

அன்றியும், பழைய வடிவின் தரவுகளைப் புதிய வடிவுக்குள் ஏற்றுதற்கு வழி வைக்கப்படவில்லை. கணக்கிடும் முறையே வேறாதலின் அது எளிதுமன்று. அறிக்கைகளைத் தனித்தனியே இறக்கி வைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தினர்; அதற்கான வசதிகளும் இருந்தன. காலமுங் கொடுத்தனர். ஆகையாற் கூகிள் அறிவிக்காது செய்தது என்று எவருஞ் சொல்லல் இயலாது. ஆனால் அறிவித்தல் வேறு. தொடர்ச்சியைப் பேணல் வேறு. வீட்டை இடிக்கப் போவதாக ஓராண்டு முன்னரே சொல்பவர் நேர்மையாளர்தான். எனினும், அவ்வீட்டிற் குடியிருந்தோர் தம் தோம்பும் உறுதியும் பெட்டகத்தில் இருந்ததை அறிந்திருந்தனரா என்று கேட்டல் அதனினும் மேலான நேர்மை. பல ஆண்டுகளாகச் சேர்ந்த கணக்கைத் திரையிலே பார்த்துப் பழகிய சிறு வணிகர் ஒருவர், அக்கணக்குத் தம்முடையதன்று, பிறரொருவரின் களஞ்சியத்திலே இருந்தது என்பதை அந்த யூலை மாதத்திலேதான் உணர்ந்திருப்பார்.

இனி, மாற்றுக் கருத்துகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ‘பழையதைச் சிலரே பயன்படுத்துகின்றனர், அச்சிலரின் பொருட்டு எத்தனை காலம் பேணுவது?’ என மென்பொருள் ஆக்குவோர் கேட்பர். அவர்கள் சொல்வதில் உண்மையுண்டு. பழைய பகுதி ஒவ்வொன்றும் பாதுகாப்புத் திருத்தம் வேண்டி நிற்கும். அதனை அறிந்த பொறியியலாளரின் காலத்தை விழுங்கும். ஆயின் எத்தனை பேர் திறந்தார்கள் என்னும் எண்ணிக்கை மாத்திரந் தேவையை அளப்பதன்று. ஆண்டுக்கொரு முறை கணக்காய்வின்போது மாத்திரந் திறக்கப்படும் டாஷ்போட் ஒன்று, அந்த எண்ணிக்கையிலே மிகத் தாழ்ந்து தோன்றும். இரசாயன ஆய்வுகூடத்தின் மூலையிலே மணல் நிரம்பிய வாளி தொங்குகின்றதே, அதனை எத்தனை நாள் எடுத்தோம் என்று எண்ணியா அதற்கு இடங் கொடுத்தோம்? நிறுத்துமுன் எண்ணிக்கையைப் பார்த்தல் வேண்டும். பின்னர், அச்சிலர் யாவர், எதற்காகத் திறக்கின்றனர் என்று நேரிற் கேட்டலும் வேண்டும். எங்கள் முதிய இலிகிதரை யான் மார்ச் மாதத்திலே கேட்டிருந்தால், ஆகஸ்ட் மாதத்திலே அவர் கொப்பியோடு வர வேண்டியிராது.

இரண்டாவது கருத்து இதற்கு நேர்மாறானது. ‘பழக்கப்பட்டதை ஏன் மாற்ற வேண்டும்? நன்றாகத்தானே ஓடிற்று’ என்பர் பயன்படுத்துவோர். இவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லல் வேண்டும். நன்றாக ஓடிற்று என நாம் கருதியது, அது எவ்வாறு ஓடிற்று என்பதை நாம் கேளாதிருந்தமையாலே. மறைந்து கிடந்த அந்த நிரலைப் பழைய டாஷ்போட் இருந்த காலத்திலும் ஒருவரும் பார்க்கவில்லை. அதன் எண் சரியாக இருந்தது எங்கள் அறிவினாலன்று; முன்னர் இருந்த ஒருவரின் அறிவினால். அவ்வறிவை அவர் போகும்போது கேட்டு எழுதி வைக்காத பிழை எங்களுடையது. புதிய டாஷ்போட் செய்ததெல்லாம் அப்பிழையை வெளிப்படுத்தியதே.

ஆகவே என் துணிபு இது. ஒரு டாஷ்போட்டிலே முள்ளும் நிறமும் திரையும் கழிக்கத்தக்கன. அவற்றின் பின்னின்ற எண்ணும், அவ்வெண் எவ்வாறு எண்ணப்பட்டது என்னும் விதியும் காக்கத்தக்கன. நிறுத்துவோர் எண்ணைக் காத்து விதியைக் கைவிட்டாற் போதாது. விதியறியாத எண், அளவு குறிக்காத மரக்காலில் அளந்த நெல்லைப் போன்றது. எத்தனை மரக்கால் என்று சொல்லலாம், எவ்வளவு நெல் என்று சொல்லலாகாது.

இதனைச் செயலிற் கொணர்தற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பழையதும் புதியதும் அந்தத் தொழிலின் முழுச் சுற்றொன்று அருகருகே ஓடுதல் வேண்டும். நம் நாட்டிலே வணிகத்துக்கு அச்சுற்று ஓர் ஆண்டு. சித்திரைப் புத்தாண்டும், வெசாக்கும், நோன்புப் பெருநாளும், தீபாவளியும், நத்தாரும் ஒருமுறை வந்து போகாத ஒப்பீடு ஒப்பீடாகாது. நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்தள்ளி வருவதால், மாதத்தை மாதத்தோடு ஒப்பிடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். அடுத்து, டாஷ்போட்டிலுள்ள ஒவ்வோர் எண்ணின் பெயரையும், அது எண்ணப்படும் முறையையும், அம்முறை மாறிய திகதியையும் குறிக்கும் ஓர் இடாப்பு இருத்தல் வேண்டும். ஒரு தாள் போதும். ஆனால் அது எழுதப்பட்டிருத்தல் வேண்டும். முறை மாறினாற் பெயரையும் மாற்றுதல் நேர்மை. பழைய பெயருக்குப் பழக்கத்தினால் வந்த நம்பிக்கையைப் புதிய அளவுக்கு இரவல் கொடுத்தலாகாது. இறுதியாக, மூலத் தரவுகளை எந்த மென்பொருளும் வாசிக்கத்தக்க எளிய வடிவிலே, பயன்படுத்துவோர் தங் கையிலே வைத்திருத்தல் வேண்டும். திரை பிறருடையதாயிருக்கலாம், கணக்கு நம்முடையதாயிருத்தல் வேண்டும்.

மாணவச் செல்வர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் நாளை மென்பொருள் எழுதப் போகின்றீர்கள். புதியதை ஆக்குவோர்க்குப் புகழுண்டு. பழையதை முறைப்படி நிறுத்துவோர்க்கு எவரும் மாலையிடுவதில்லை. எனினும் அதுவே கடினமான வேலை. நீங்கள் நிறுத்தும் ஒரு சிறு பகுதியின் மறுமுனையிலே, உங்களுக்கு முகந்தெரியாத ஒருவர் அதனை நம்பி இருக்கின்றார். அவர் கடிதமெழுதி வாதாட வல்லவராயிருக்கலாம். அன்றி, அந்த விற்பனைப் பிரதிநிதியைப் போல, தம் சொல் செல்லாதவராயுமிருக்கலாம். எண்ணுக்கும் மனிதனுக்கும் முரண் தோன்றுமிடத்து, மனிதனைக் குற்றஞ் சாட்டுமுன் எண் எவ்வாறு பிறந்தது என்று கேளுங்கள்.

விழாக் கொண்டாடும் நம் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். யாம் எழுதிப் பழகிய கற்பலகை இன்று இல்லை. மைக்கூடு பதித்த மேசைகள் இல்லை. அவை போனதற்காக ஒருவருங் கண்ணீர் விடுவதில்லை; விடவும் வேண்டியதில்லை. ஆயினும் அலுவலகத்து அலுமாரியிலே பழைய சேர்விடாப்புகளைப் பேணி வைத்திருக்கும் கல்லூரியை நாம் மதிக்கின்றோம். இன்ன திகதியில், இன்ன வகுப்பில், இன்னாரின் மைந்தன் சேர்ந்தான் என்று எழுதிய அந்த வரிகளை இன்று எடுத்து நோக்கினும் பொருள் விளங்கும். அவற்றை எழுதியவர் நிரற்றலைப்பையும் எழுதி வைத்தார், அதுவே காரணம். கற்பலகையைக் கழித்து இடாப்பைக் காத்த அந்த எளிய அறிவையே, கணினித் திரையின் முன் அமர்ந்திருக்கும் நம்மவரிடமும் யான் வேண்டுகின்றேன்.